யாரும் சோதிக்காத தண்ணீர்

1. பினாங்கில் நான் தொண்டு செய்யும் சிறிய அறக்கட்டளையிடம், கம்போடியப் பள்ளி ஒன்று ஆழ்குழாய்க் கிணறு கேட்டது.
2. விண்ணப்பத்தில் நீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தது. பொறியாளரான நான் ‘சரி’ என்று குறித்தேன்.
3. கிணறு தயாரானதும், ஒரு சிறுமி இரு கைகளாலும் நீரள்ளிக் குடிக்கும் படம் வந்தது.

படத்தைப் பார்த்த செயலாளர் அக்கா கேட்டார்: “இன்ஜினியரம்மா, கிணறு வெட்டுறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் வந்துருச்சு லா. அப்ப எந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணாங்க?”

விசாரித்தால், அது பக்கத்துக் கிராமக் கிணற்றின் அறிக்கை. உடனே பள்ளியை அழைத்துக் கிணற்றுப் பம்பைப் பூட்டச் சொன்னோம். புதிய சோதனையில் ஆர்செனிக் நஞ்சு இருந்தது. பிள்ளைகள் ஒன்பது நாள் குடித்திருந்தார்கள். மருத்துவர் பாதிப்பில்லை என்றார்; ஆனாலும் அந்தச் சிறுமி என் கண்முன் குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

இப்போது, தோண்டிய கிணற்றின் நீரையே சோதித்த அறிக்கை வரும்வரை, எந்தக் கிணற்றையும் பயன்பாட்டுக்குத் திறக்க நான் கையெழுத்திடுவதில்லை. அந்தப் பள்ளிக்கு ஆர்செனிக்கை நீக்கக் கேட்டிருக்கும் வடிகட்டி இன்னும் வரவில்லை. பம்பு பூட்டியே இருக்கிறது.