மருதையன் ஓடிய கரைகள்

மன்னார்குடியில் இப்போது ஓட்டக் குழு ஒன்று இருக்கிறது. காலையில் பச்சை பனியன் போட்டுக்கொண்டு முப்பது பேர் ஓடுகிறார்கள். அதன் செயலாளர் அருள்செல்வி, பல் டாக்டர், போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். "சார், நம்ம ஊரைச் சுத்தி ஓடறதுக்கு அழகான பாதைங்க நாலு எழுதிக் கொடுங்க, எங்க ஆண்டு மலர்ல போடணும்" என்றார். எழுபதைத் தாண்டிய டிராயிங் மாஸ்டரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் டாக்டர் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். இந்த ஊரின் ஓட்டப் பாதைகள் எல்லாம் என் பழைய சைக்கிளுக்கு அத்துப்படி.

நாலு கிடையாது, மூன்று. எழுதிக்கொள்ளட்டும்.

பாலத்துக்குத் தெற்கே இறங்கினால் பாமணி ஆற்றின் மேற்குக் கரை. மூங்கில் புதர், நாணல், நடுநடுவே மருத மரம். புரட்டாசியில் தண்ணீர் கரையை உரசிக்கொண்டு போகும். பங்குனியில் வெறும் மணல்தான், ஊற்றுத் தோண்டிய குழிகளோடு. மதகு வரை போய்த் திரும்பினால் எட்டு கிலோமீட்டர். இரண்டாவது, சித்தேரிக்குடிக்குப் போகும் பாசன வாய்க்காலின் கரை. தை மாதப் பனியில் ஓடினால் சொந்தக் கால் சொந்தக் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, சுடுகாட்டைச் சுற்றிக் கருவேலங்காட்டுக்குள் போகும் வண்டித் தடம். அழகு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் மயில் அங்கேதான் இருக்கிறது.

மூன்றிலும் வழியில் ஒரு வீடுகூடக் கிடையாது. யார் கண்ணிலும் படாமல் ஓட வேண்டும் என்று ஒருவன் தேடிக் கண்டுபிடித்தவை இவை. அவன் மருதையன், என் கூட்டாளி.

சித்தேரிக்குடி தெற்குத் தெரு அவனுக்கு. பண்ணையில் நாற்று நடுகிறவர்களும் அறுப்பு அறுக்கிறவர்களும் இருக்கிற தெரு. எனக்கு மன்னார்குடி டவுன், அப்பாவுக்குச் சைக்கிள் கடை. எழுபத்தொன்றில் நாங்கள் இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. வகுப்பில் வாயே திறக்காதவன் மைதானத்தில் இறங்கினால் மற்றவர்கள் அவன் முதுகை மட்டும்தான் பார்க்க முடியும். ஐயாயிரம் மீட்டரில் மாவட்ட அளவில் ஜெயித்தால் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்றார்கள். தினம் காலையில் ஓட ஆரம்பித்தான். அப்பாவின் கைக்கடிகாரத்தை நைசாக எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் பின்னால் போவேன்.

முதல் வாரம் அவனும் எல்லாரையும் போல ரோட்டில்தான் ஓடினான். ஒரு நாள் பக்கத்து ஊரான நல்லூர்ப்படுகையின் கீழத்தெரு வழியாகப் போனோம். கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் அவனைப் பார்த்ததும் செம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"யாருடா? சொல்லுடா, யாரு?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"எங்கண்ணனா? ஐயோ, எங்கண்ணனா?"

அவ்வளவுதான், மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். தெருவே கூடிவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டவுனில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பண்ணை வீட்டில் ஒரு உயிர் போனால், சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் தெற்குத் தெரு ஆள் ஒருவன் ஓடித்தான் சேதி சொல்ல வேண்டும். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அது அவன் கடமையாம். மருதையனின் அப்பா வைரக்கண்ணு சாகிற வரை அப்படி ஓடியவர். அதனால் விடிகாலையில் அந்தத் தெருக்காரன் ஒருவன் ஓடி வந்தால் அதற்கு அந்த ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த அம்மாளின் அண்ணன் சித்தேரிக்குடிப் பண்ணையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"யாருமில்லைங்க. சும்மா ஓடுறேன்" என்றான் மருதையன்.

"சும்மா எவனாவது ஓடுவானா?" என்று ஒருவர் அவன் கழுத்துத் துண்டைப் பிடித்தார். நான் குறுக்கே போய்க் கல்லூரி, மெடல் என்று உளறிக்கொட்டி அவனை மீட்டு வந்தேன். மூன்றாம் நாள் அந்த அண்ணன் நிஜமாகவே செத்துப்போனார். ஓடி ஓடி எமனைக் கூட்டி வந்தவன் என்று மருதையனுக்குப் பெயர் ஆகிவிட்டது.

சொந்தத் தெரு ஆறுதல் சொல்லும் என்று நினைத்தேன். அங்கே கதை இன்னும் மோசம். அது கூலிப் போராட்டக் காலம். அறுப்புக்கு மரக்கால் நெல் கூட்டிக் கேட்டால் வெளியூர் ஆளை இறக்குவார்கள்; இறக்கினால் கொடி ஏறும்; கொடி ஏறினால் பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போடும். ஆட்சி நம்முடையது என்று மேடையில் சொன்னார்கள். உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலமெல்லாம் பண்ணையின் சமையல்காரர் பெயருக்கு மாறியதுதான் நான் கண்ட பலன். அந்தச் சமயத்தில் தெற்குத் தெரு கூடி ஒரு முடிவு எடுத்திருந்தது. இனி பண்ணைச் சாவுக்கு இந்தத் தெருவிலிருந்து ஒருத்தனும் ஓடுவதில்லை. அதற்காகப் பலர் அடி வாங்கியிருந்தார்கள். ஒருவருக்குக் கை ஒடிந்திருந்தது.

இப்போது வைரக்கண்ணு மகனே நல்லூர்ப்படுகைக்கு ஓடினான் என்றால்? கூட்டம் போட்டு விசாரித்தார்கள். சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் நல்ல மனிதர், கோபப்படவில்லை.

"நீ பந்தயத்துக்கு ஓடுறேன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா பார்க்கிறவனுக்கு உங்கப்பாதானே தெரியிறாரு. நம்ம ஆளு கண்ணுல படாம ஓடு."

அந்தப் பக்கமும் ஆகாது, இந்தப் பக்கமும் ஆகாது. அப்படித்தான் அவன் ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் சுடுகாட்டுக்கும் போனான். கொக்கும் மயிலும் யாரு என்று கேட்காது. நான் பின்னால் போனேனே தவிர அவனோடு போனதாகச் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனைப் போல் தனியாக இருந்த ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவன் அம்மா தங்கம்மாள் மட்டும் திரும்பி வருகிற நேரத்துக்கு நீராகாரத்தை வைத்துக்கொண்டு வாய்க்கால் மதகில் நிற்பார்.

ஒரே ஒரு தடவை, மதகில் கால் நனைத்துக்கொண்டு, தன் மனதில் இருப்பதைச் சொன்னான்.

"டேய் இருதயம், ஒரு நாள் ஊருக்குள்ள ஓடணும்டா. நல்ல வெளிச்சத்துல. ஒருத்தரும் யாருன்னு கேட்கக் கூடாது. நான் ஓடுறேன், அவ்வளவுதான்னு பேசாம இருக்கணும்."

மெடல் வாங்கினான். படிப்பு முடித்து எழுபத்தாறில் நான் இருந்த பள்ளிக்கே பி.டி. மாஸ்டராக வந்தான். கையில் விசில் வந்த தைரியத்தில் ஊருக்குள் ஓடத் தொடங்கினான். வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், தினமும் ஆறு மணி. முதல் வருடம் கதவுகள் திறந்தன. யாரு, யாரு என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "யாருமில்லைங்க, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு ஓடுவான். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. எனக்கே எரிச்சல் வரும், அவனுக்கு வரவில்லை. மூன்றாம் வருடம் கேள்வி குறைந்தது. அவனிடம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். எண்பது வாக்கில் நல்லூர்ப்படுகைக் கீழத்தெருவில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டே, "சார், இன்னைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார். அன்று மருதையன் என் சைக்கிளை நிறுத்தி, காரியரில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

எண்பத்து நாலு கார்த்திகையில் ஒரு வாரம் விடாத மழை. ரோடு அறுந்து, பஸ் நின்று, டெலிபோன் கம்பி வயலில் கிடந்தது. சனிக்கிழமை வழக்கம்போல் நான் சித்தேரிக்குடி போயிருந்தேன். ஓடிவிட்டுத் திரும்பினோம். மதகில் அம்மா இல்லை. ஒரு மாதமாகவே நிற்க முடியாமல்தான் இருந்தார். வீட்டுக்குப் போனபோது மருதையனின் மனைவி அம்சம் வாசலில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவின் உயிர் போயிருந்தது.

அவன் தங்கை பொன்னுத்தாய்க்குச் சொல்ல வேண்டும். ஆறு கிலோமீட்டர் தள்ளி, கருவாக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஆற்று உடைப்பில் மணல் மூட்டை போடப் போயிருந்தார்கள்.

"பெத்த பிள்ளை உடம்பை விட்டுப் போகக் கூடாதுய்யா" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி.

"என்னை விட்டா யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு, நனைந்த அதே உடுப்போடு மருதையன் கிளம்பினான். நான் பின்னால் போனேன்.

எத்தனை தெரு தாண்டினோம். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கையைத் தூக்கினார்கள். "மழையிலயுமா சார்?" என்று சிரித்தார்கள். அந்தத் தெருக்களில் அவனுக்கு உறவுக்காரர்களும் இருந்தார்கள். ஒருத்தரும் யாரு என்று கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தும் கேட்கவில்லை. பழகிய கை தானாக உயர்ந்து பதில் சொல்ல, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தான். சேற்றில் சைக்கிள் சிக்கிக்கொண்டது. அதை வழியிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தங்கை வீட்டில் நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். கையில் காபி டம்ளர். பொன்னுத்தாய் அவன் முழங்கால் சேற்றைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. இது மழைன்னு பார்க்குதா, வெயில்னு பார்க்குதா? உங்களையும்ல இழுத்துக்கிட்டு அலையுது. உட்காருங்க, உங்களுக்கும் காபி போடுறேன்."

மருதையன் என்னைப் பார்த்தான். இன்னும் சொல்லவில்லை. சொல்ல வந்தவனைச் சொல்ல விடாமல் அவளுடைய சிரிப்பு உட்கார வைத்துவிட்டது. டம்ளரைத் தரையில் வைத்தான்.

"பொன்னுத்தாயி."

"என்னண்ணே?"

"யாருன்னு கேளு."

அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் சிரிப்பு முகத்தில் இருந்தது. "என்ன யாரு?"

"கேளும்மா. யாருன்னு ஒரு தடவை கேளு."

"யாரு?" என்றாள்.

"அம்மா" என்றான்.