ஆணிகள் இருந்த பலகை

மெஷின் ஓடும்போது யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால் தெரிந்ததும் மறந்துபோகும். செயின் சாவின் கயிற்றை இழுத்துவிட்டால் அந்தச் சத்தத்துக்குள் நான் ஒருவன்தான். பேச வேண்டியதையெல்லாம் என் மச்சான் பேசிவிடுவார். அவர் என் மனைவியின் அண்ணன். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வெல் வண்டியில் வெளி மாநிலமெல்லாம் சுற்றிவிட்டு, முதுகு வலி வந்த பிறகு என்னோடு சேர்ந்துகொண்டவர்.

பட்ட மரங்களை அறுப்பதுதான் எங்கள் வேலை. ராசிபுரம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் காய்ந்து நிற்கிற வேம்பு, வாகை, புளி. சிறிய மரமென்றால் துண்டு போட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக கிரேன் வேண்டும். அதனால் விழுந்த இடத்திலேயே பலகை போடுவோம். செயின் சாவில், செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்பு பார் ஒன்றை மாட்டி, அதோடு ஒரு இரும்புச் சட்டத்தைப் பூட்டுவோம். கிடக்கிற மரத்தின்மேல் நேரான ஏணி ஒன்றைப் படுக்கவைத்துக் கட்டி, ஏணியின்மேல் சட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனால் மரம் தட்டையாக அறுபட்டு வரும்.

புதுச்சத்திரத்துக்கு உள்ளே போகிற மண்சாலையில் ஒரு தோட்டத்து ஓரம் அந்தப் புளியமரம் நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது ஒரு பக்கத்து வேரையெல்லாம் பொக்லைன் வாரிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருடம் இலை விடவில்லை. பட்டை உரிந்து, கிளை ஒவ்வொன்றாகக் காற்றில்லாத நாளில்கூட விழ ஆரம்பித்தது. கரண்ட் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூட வேன் அதன் கீழேதான் போய்வரும். தோட்டத்துக்காரர் பல பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார். வந்தவர்கள் மரத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

காரணம், அதில் இருந்த ஆணிகள். பேய் பிடித்தது என்று சொல்லி எங்கெங்கிருந்தோ பெண்களை அந்த மரத்துக்குக் கூட்டிவருவார்கள். பேயோட்டுகிற கோடாங்கி உடுக்கை அடிப்பார். கடைசியில் பெண்ணை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, உச்சி முடியில் ஒரு கொத்தைச் சுற்றி மரத்தில் ஆணி அடித்து, முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும் என்பது கணக்கு. கோடாங்கி செத்த பிறகு அது நின்றுபோனது. ஆணிகளைச் சுற்றி மரம் வளர்ந்து மூடிக்கொண்டது.

அதில் ஒன்று என் அக்காவுடையது.

அக்காவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவளோடு தறிக்குப் போய்க்கொண்டிருந்த தோழி கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அதிலிருந்து அக்கா யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. செத்தவள் வந்து பிடித்துக்கொண்டாள் என்றார்கள். அழைத்துப்போய் ஆணி அடித்துக் கூட்டிவந்தார்கள். இப்போது அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். மாமா இறந்த பிறகு ஹைவே ஓரத்தில் ஒரு டிபன் கடை வைத்திருக்கிறாள். லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் தோசைக்குக் காத்திருப்பார்கள்.

மரத்தை அறுக்கக் கேட்கிறார்கள் என்று கடையில் மச்சான்தான் சொன்னார். அக்கா தோசைக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒத்துக்கடா தம்பி. கடைக்கு முன்னாடி போட எனக்கு அதுலயே ஒரு மேசப் பலகை வேணும்."

"அதுலயா?" என்றேன்.

"அதுலதான். அவ போன துக்கத்துல அழுதுட்டுக் கெடந்தேன். அதுக்குப் போயி ஆணி அடிச்சாங்க. அப்புறம் அந்தப் பக்கம் காட்டு வேலைக்குப் போறதுன்னாக்கூட சுத்து வழியிலதான் போவேன். அது இனி இங்க வந்து மாவுச் சட்டி சொமக்கட்டும்."

மச்சான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்காரர் அடிமரத்தில் ஆறடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மீதியைச் செங்கல் சூளைக்கு விற்றிருந்தார். சாயங்காலம் சூளை டிராக்டர் வரும். அதற்குள் பலகை போட்டுக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் கிடப்பதெல்லாம் சூளைக்கு. ஆறடிக்கு மேலே மரம் உள்ளுக்குள் பொந்து. அக்காவின் மேசைக்கு அந்த அடித்துண்டை விட்டால் வேறு மரமில்லை.

"ஆணி இருக்குமேங்க?" என்று மச்சான் கேட்டார்.

"அது அடிச்சு எத்தன வருஷமாச்சு! மரம் வளர வளர ஆணியும் மேல போயிருக்குமில்ல. இப்ப ரெண்டாளு ஒசரத்துல இருக்கும். அடிமரம் சுத்தமாத்தான் இருக்கும்" என்றார் தோட்டத்துக்காரர். பக்கத்திலேயே அவர் காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பட்ட மரத்தைச் சாய்ப்பதில் பயம் வேறு மாதிரி. பச்சை மரம் விழுவதற்கு முன் முனகும், நார் பிரியும், தெரிந்துகொள்ளலாம். பட்ட மரம் சொல்லாமல் முறியும். மேலே தொங்குகிற கிளை மெஷினின் அதிர்விலேயே தலையில் விழும். விடிந்ததும் மச்சான் ஏணி வைத்து ஏறி, இரண்டு வடக்கயிறுகளை நடுமரத்தில் கட்டினார். கரண்ட் கம்பிக்கு எதிர்ப்பக்கம், உழுது போட்டிருந்த காட்டுக்குள் அதை விழவைக்க வேண்டும். அந்தப் பக்கம் முழங்கால் உயரத்தில் ஆப்பு வடிவில் வெட்டி வாய் எடுத்தேன். பின்பக்கம் அறுத்துக்கொண்டே வந்தேன். பாதியிலேயே நிறுத்தி ஆப்பு அடித்தேன், மறுபடி அறுத்தேன். கடலைக்காய்க் காட்டு ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். மரம் ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றது. அப்புறம் மொத்தமாகப் போய் விழுந்தது. புழுதி அடங்கியபோது கம்பி அப்படியே இருந்தது. நான் மெஷினைத் துடைத்தேன்.

ஆறடியில் குறுக்கே துண்டு போட்டேன். சுத்தமாக வந்தது. உள்ளே வைரம் கறுஞ்சிவப்பாக இருந்தது. ஏணியைக் கட்டி, அடிப்பக்கத்திலிருந்து பலகை அறுக்க ஆரம்பித்தேன். சட்டம் நகர்ந்து போனது. மரத்தூள் மூக்கை அடைத்தது. பாதி தூரம் தாண்டியிருக்கும், கிரீச்சென்று ஒரு சத்தம், தீப்பொறி. மெஷின் குதித்து நின்றது.

செயினைக் கழற்றிப் பார்த்தேன். பல் எல்லாம் மழுங்கி, இரண்டு பல் பறந்துபோயிருந்தது. அரம் போட்டாலும் தேறாது. பையில் இன்னும் ஒரே ஒரு செயின்தான் இருந்தது.

"நான் அப்பவே நெனச்சேன். அது உட மாட்டேங்குதுங்க. போதும் சாமி, சூளைக்கே போகட்டும்" என்றார் தோட்டத்துக்காரர்.

மச்சானும் ஒரு மாதிரியாக இருந்தார். அக்காவுக்குப் போன் பண்ணினேன். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு மொபெட்டில் வந்து இறங்கினாள். மரத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மெஷின் நின்ற இடத்தைப் பார்த்தாள். தரையில் நிற்கிற அடிக்கட்டையைப் பார்த்தாள். அப்புறம் கீழே கிடந்த சாக்கை இழுத்து, மரத்தை ஒட்டி விரித்து, அதில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, மயக்கமா?" என்று மச்சான் ஓடினார்.

"மயக்கமுமில்ல ஒன்னுமில்ல. தம்பி, அந்த அடிக்கட்ட எத்தன ஒசரம்?"

"முழங்கால் ஒசரம்."

அவள் கீழே நகர்ந்தாள். முழங்காலுக்குக் கீழே இருக்கிற கால் மரத்தின் அடி முனையைத் தாண்டி நிற்கிற மாதிரி படுத்தாள். நின்ற மரத்தோடு நிற்கிற மாதிரியே இப்போது கிடந்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, உச்சிக்கு நேரே மரத்தைத் தொட்டாள். விரல் பட்ட இடம் என் செயின் நின்ற இடம்.

"மேலயும் போகல கீழயும் போகல. அடிச்ச எடத்துலயேதான் இருக்குது பாரு" என்றாள் படுத்தபடியே.

கடலைக்காய்க் காட்டிலிருந்து ஒருவர், "அக்கா, அப்படியே தூங்கிப்போடாதீங்க, டிராக்டர் வந்து ஏத்தீட்டுப் போயிருவான்" என்றார். அக்கா எழுந்து சேலையை உதறினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மரம் நுனியில் வளர்கிறது, இடுப்பில் பருக்கிறது. ஆணி உள்ளே புதையுமே தவிர மேலே ஏறாது. இத்தனை மரம் அறுத்தும் அதை யோசித்ததில்லை. இனி செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. ஒரு ஆணிகூட மிச்சமில்லாமல் எடுத்துவிட்டால் இருக்கிற ஒரு செயின் போதும்.

வெளிச்சுற்று மரத்தை வண்டு தின்று மாவாக்கியிருந்தது. ஏணியை அவிழ்த்து வைத்துவிட்டு, கோடாலியால் அதைச் செதுக்கித் தள்ளினேன். வைரத்தில் நுனி மட்டும் பிடித்துக்கொண்டு, ஆணிகள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் மரம் நீலம் பாய்ந்த கறுப்பாக இருந்தது. ஆணி பிடுங்குகிற கொறடு ஒன்றை எடுத்து மச்சானிடம் நீட்டினேன்.

"ஆயிரம் அடி பூமிக்குள்ள ஓட்ட போட்டவன் நான். வேற எது வேணாலும் சொல்லுங்க மாப்ள. அதத் தொடச் சொல்லாதீங்க."

"அதயெல்லாம் புடுங்கிப் போட்டா, கட்டி வெச்சதெல்லாம் எம்பட தோட்டத்துக்குள்ளயல்ல எறங்கும்?" என்றார் தோட்டத்துக்காரர்.

"எறங்கட்டுமுங்க. கடலைக்காய் புடுங்க ஆளில்லேன்னுதான சொல்லீட்டு இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா என் கையிலிருந்து கொறடு வாங்கிக்கொண்டாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தாள். முதல் ஆணி இலேசில் வரவில்லை. நான் சுத்தியலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டி அசைத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். வந்துவிட்டது. முடி எதுவும் இல்லை. துரு மட்டும்தான்.

"எது எம்பட ஆணின்னு தெரியலியே" என்றாள்.

"தெரியாட்டி உடு அக்கா. எல்லாத்தயும் எடுத்தாகணும்" என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்னது அன்றைக்கு அதுதான்.

நாலைந்து ஆணி வந்திருக்கும். கடலைக்காய்க் காட்டிலிருந்து ஒரு பெண் வரப்பைத் தாண்டி வந்து நின்றாள். அக்காவைவிட இளையவள். வேலைக்காகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள்.

"அதுல எம்பட ஆணியும் ஒன்னு இருக்குதுங்கக்கா" என்றாள் மெதுவாக. "கல்யாணமாகி ரொம்ப நாளா கொழந்த இல்லீன்னு அடிச்சாங்க."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். "ஏறி வா. எனக்குக் கை வலிக்குது, நீ நாலு புடுங்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். ஆணிகளைத் தோட்டத்தில் போடக்கூடாது என்று தோட்டத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அக்கா தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எங்கள் வண்டியில் கிடந்தது. அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு மரத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஓட்டை ஒன்றின் பக்கம் அது இலேசாகச் சாய்ந்தது. உளியால் தோண்டினேன். ஒடிந்துபோன நுனி ஒன்று உள்ளே இருந்தது. எடுத்தேன். மறுபடியும் முதலிலிருந்து நகர்த்தினேன். காந்தம் நேராகத் தொங்கியது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏணியை மறுபடி கட்டி, கடைசிச் செயினை மாட்டினேன். மச்சான் இப்போது தானாகவே வந்து சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முதல் அறுப்பில் மேல்தோல் போனது. ஆணி இருந்த இடத்தைத் தாண்டும்போது சட்டத்தை மெதுவாகத் தள்ளினேன். ஒன்றுமில்லை, தூள்தான் பறந்தது. ஏணியை அவிழ்த்துவிட்டு, அறுபட்ட தளத்தின்மேலேயே சட்டத்தை வைத்து, நாலு விரற்கடை கனத்துக்கு இரண்டாவது அறுப்பை ஆரம்பித்தேன். புளியமரத்து வைரம் இரும்புக்குச் சமம். ஒரு முழம் போவதற்குள் செயின் சூடேறிப் புகை வந்தது. நிறுத்தி அரம் போட்டேன், அறுத்தேன். மறுபடி நிறுத்தி அரம் போட்டேன்.

பாதியில் டிராக்டர் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். இறங்கி வந்து கையை ஆட்டி ஏதோ சொன்னார். தோட்டத்துக்காரரும் ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். தோள் எரிந்தது. அந்தப் பக்க முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், பார் வெளியே வந்த பிறகுதான் அணைத்தேன்.

நாலு பேர் சேர்ந்து பலகையைத் தூக்கிச் சாய்த்து வைத்தோம். கறுஞ்சிவப்பு மரத்தில் நடுவிலே நீலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. டிராக்டர் டிரைவர் விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல பலகைங்க. இதயா சூளைக்குச் சொன்னாங்க?" என்றார். தோட்டத்துக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அப்புறம் அவரே வந்து ஒரு முனையைப் பிடித்து எங்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்.

மேசை இப்போது அக்காவின் கடை முன்னால் கிடக்கிறது. மேலே மாவுச் சட்டி, சட்னி வாளி, வாழையிலைக் கட்டு. இழைத்து எண்ணெய் விட்டும் அந்தப் புள்ளிகள் போகவில்லை. ஆணிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். கடலைக்காய்க் காட்டுப் பெண் சந்தைக்குப் போகிற நாட்களில் அங்கே இறங்கிச் சாப்பிடுகிறாள். எப்போதும் மேசை நடுவில், அந்தப் புள்ளிகளுக்கு நேரேதான் உட்காருவாள்.

போன வாரம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரிக்காரர் கேட்டார். "ஏனுங்கக்கா, மேசயில இதென்ன கறுப்புக் கறுப்பா?"

"ஆணி இருந்த எடமுங்க" என்றாள் அக்கா, கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே. "உங்களுக்குத் தோசை ஒன்னா, ரெண்டா?"