பொறுப்பாளர் கையெழுத்து

முதுகலை என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யார் எதைக் கேட்டாலும், "முதுகலையில இதைப் படிச்சிருக்கோம்" என்றுதான் ஆரம்பித்தாள். ஸ்டேப்ளர் எங்கே என்று கேட்டால்கூட இதைத்தான் சொல்வாள் போலிருக்கிறது என்று பியூனிடம் சொல்லிச் சிரித்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஆபீசில் பதினேழு வருடமாக டைப் அடித்துக்கொண்டிருப்பவள் நான். படிக்காமலே எல்லாம் தெரியும் என்ற திமிர் எனக்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

எங்களுடையது கப்பல் ஏஜென்சி. துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குக் கரையிலிருந்து தண்ணீர், டீசல், அனுமதிச் சீட்டு, டாக்டர், கோர்ட்டு விவகாரம் எல்லாவற்றையும் நாங்கள்தான் பார்ப்போம். கடலில் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். அவளோ அதுவரை கப்பலில் காலே வைத்ததில்லை.

அவளுடைய அப்பா ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மற்றவர்களுடைய ஆய்வேடுகளுக்குப் பசை தடவி பைண்டு போட்டு வளர்ந்தவள். அப்படி ஒட்டிய ஏதோ ஒன்றில் கப்பல் படம் பார்த்திருக்கிறாள், பிடித்துப்போயிருக்கிறது. கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, கடல்சார் நிர்வாகத்தில் முதுகலை சேர்ந்துவிட்டாள். வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தைந்து பேர் ஏற்கெனவே கடலைப் பார்த்தவர்கள். துறைமுகத்தைச் சுற்றிக்காட்டப் படகில் கூட்டிப்போன அன்று இவள் வாந்தி எடுத்தாளாம். அதை வைத்தே இரண்டு வருடமும் ஓட்டியிருக்கிறார்கள்.

படித்து முடித்து அறுபத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நான்கு பேர்தான் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர், கடலில் எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் மேனேஜர் மட்டும் அவளுடைய ஆய்வேட்டின் தலைப்பைப் பார்த்துக் கூப்பிட்டார். கடன் பாக்கிக்காகக் கோர்ட்டு பிடித்துவைக்கும் கப்பல்களில் மாட்டிக்கொள்ளும் ஆட்களைப் பற்றியது அது. ஆறு மாதம் பார்க்கலாம், தேறினால் நிரந்தரம் என்றார். அவள் அழுதேவிட்டாள்.

அந்த ஆய்வேட்டை மதிய இடைவேளையில் நான் வாங்கிப் படித்தேன். நல்ல எண்ணத்தோடு இல்லை, எங்கேயாவது தப்புக் கிடைக்குமா என்றுதான். கிடைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கடைசிவரை படித்தேன். முதலாளி கைவிட்ட கப்பலை அப்படியே அம்போவென்று விட முடியாது, யாராவது ஒருவர் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர், கோர்ட்டு அந்தக் கப்பலை விற்கும்வரை நகர முடியாது. நாற்பத்திரண்டு கப்பல்களைக் கணக்கெடுத்திருந்தாள். கையெழுத்துப் போட்டவர்கள் சராசரியாக இரண்டு வருடமும் இரண்டு மாதமும் மாட்டிக்கிடந்திருக்கிறார்கள். இது அநியாயம், இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று முடித்திருந்தாள்.

அவள் சேர்ந்த ஐந்தாவது மாதம் அப்படி ஒரு கப்பல் எங்கள் தலையில் விழுந்தது. கப்பல் முதலாளி போனையே எடுப்பதில்லை. கேப்டன் நெஞ்சுவலி என்று ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார். மீதிப் பதினைந்து பேர் ஏழு மாதமாக நங்கூரத்தில் நின்ற கப்பலிலேயே கிடந்தார்கள். ஒரு பொறுப்பாளரைக் காட்டுங்கள், மற்றவர்களை அனுப்பிவிடுகிறேன் என்றது கோர்ட்டு. மேனேஜர் முதுகலையை அறைக்குக் கூப்பிட்டார். கையெழுத்துக்கான பொறுப்பாளர் பாரத்தோடு நானும் நின்றேன்.

அவள் முதலில் நியாயமாகத்தான் பேசினாள். கப்பல் ஆள்தான் போட வேண்டும் என்றில்லை, கரையிலிருக்கும் ஏஜென்சி ஊழியர் யார் வேண்டுமானாலும் போடலாம், கப்பல் ஆள் போட்டால் கப்பலிலேயே கிடக்க வேண்டும், நாம் போட்டால் வீட்டில் படுத்துத் தூங்கலாம், ஊரைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான் என்றாள். பாரத்திலேயே அப்படித்தான் இருந்தது. டைப் அடித்தவள் நான், எனக்குத் தெரியாதா?

மேனேஜர் நிதானமாகக் கேட்டார். "சரி, நீயே போடறியா? போட்டுட்டா உனக்கு வெளியூர் ட்ரெயினிங் எதுவும் கிடையாது. கப்பல் விக்கிற வரைக்கும் இந்த ஊர்தான். இல்லன்னா கப்பல்ல ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு வா, நாளைக்கே உனக்கு நிரந்தர ஆர்டர் கொடுக்கறேன்."

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். பாரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை படகில் போனோம், நான் சாட்சிக்கு. வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கப்பல் ஏணியில் அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டவர் எலக்ட்ரீஷியன். ஐம்பது வயது மனிதர். அந்தக் கப்பலில் எங்கள் பாஷை பேசுகிற ஒரே ஆள். தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என்று தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தன் பாட்டிலைத் திறந்து இவளிடம் நீட்டி, "வாய் கொப்புளிச்சுக்கம்மா" என்றார். பத்து மாதம் கழித்து நம்ம பாஷை காதில் விழுகிறது என்று அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடல்சார் நிர்வாகம் படித்தவள் என்று தெரிந்ததும் உட்காரவைத்துக்கொண்டார். அவருடைய மகள் கல்லூரியில் கடைசி வருடமாம், அடுத்து கப்பல் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறாளாம். கடலுக்குப் போகாமலே இந்தத் தொழிலுக்கு வர முடியுமா, பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்று அரைமணி நேரம் கேட்டார். இவளும் சலிக்காமல் சொன்னாள். எந்தக் கல்லூரி, நுழைவுத் தேர்வு எப்போது, எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள். முகமெல்லாம் மலர்ந்து, உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் பாரத்தை எடுத்தாள். அது கோர்ட்டு பாஷையில் இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் ஊருக்குப் போக வேண்டுமானால் ஒருவர் கப்பலுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னாள். அதுவரை பொய் இல்லை.

"எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

"ரெண்டு மூணு வாரம்தாண்ணே," என்றாள்.

"நீங்க சொன்னா சரிதான்," என்று கையெழுத்துப் போட்டு, கீழே அழகாக இரண்டு கோடும் இழுத்தார்.

பதினான்கு பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். முதுகலைக்கு ஆர்டர் கையில் வந்தது, ஆபீசில் கேக் வெட்டினோம். நானும் ஒரு துண்டு தின்றேன். அங்கே கப்பலில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. எலக்ட்ரீஷியன் இருக்கிற கப்பலில் கரண்டு இல்லை என்று மேனேஜர் ஜோக் அடித்தார். வியாழக்கிழமை தோறும் எங்கள் படகு தண்ணீரும் அரிசியும் கொண்டுபோகும். வரும்போது அவருடைய செல்போனைக் கொண்டுவரும். என் மேஜையில் சார்ஜ் போட்டு மறுநாள் திருப்பி அனுப்புவோம். அந்த ஒரு நாளில் அது பத்துத் தடவையாவது அடிக்கும். 'மகள்' என்று திரையில் வரும். சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் டைப் அடிப்பேன்.

முதல் இரண்டு மாதம் முதுகலை படகில் கூடவே போனாள். அப்புறம் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திக்கொண்டாள். இரண்டு தடவை வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தாள். தனி அறை வந்தது. "முதுகலையில படிச்சோம்" என்கிற பேச்சே அவளிடம் இல்லை, தொழில் பழகிவிட்டது.

அவர் கையெழுத்துப் போட்ட பத்தொன்பதாவது மாதம் கோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்தது. எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார்கள். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அவருக்குச் சொல்வதை மொழிபெயர்க்க எங்கள் தரப்பில் முதுகலையே நின்றாள். ஃபைல் கட்டோடு நான் பின் பெஞ்சில் இருந்தேன்.

நீதிபதி பேப்பரைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், நெடுநேரம் பேசினார். ஒரு மனிதனை இத்தனை மாதம் தனியாக வைத்திருப்பது தனக்கு உறுத்துகிறது என்றார். ஏஜென்சியிலிருந்து யாராவது இப்போதே கையெழுத்துப் போட்டால் இவரை இன்றைக்கே விடுவித்துவிடுவேன், இங்கே அப்படி யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். இவர் என்ன சொல்கிறார் என்றும் கேளுங்கள் என்றார்.

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். முதுகலை எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"கப்பல் விக்கிற வரைக்கும் பொறுத்துக்கணும்னு சொல்றாங்கண்ணே. இருப்பீங்களான்னு கேக்கறாங்க."

அவர் தலையை ஆட்டினார். "வேற என்ன செய்யறது? இருக்கேன்."

இவரே இருக்கச் சம்மதிக்கிறார் என்று நீதிபதியிடம் சொன்னாள். நீதிபதி புருவத்தை உயர்த்தினார். பிறகு எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் போலீஸ்காரர் வண்டியைக் கூப்பிடப் போன நேரம், எலக்ட்ரீஷியன் என் பக்கத்தில் வந்து நின்றார். முதுகலை மேனேஜரோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, உங்களுக்கும் அந்தப் பாஷை தெரியுமே. ஜட்ஜ் அவ்வளவு நேரம் பேசினாரு, இந்தப் பொண்ணு ரெண்டே வரியில முடிச்சுட்டா. வேற ஏதாவது சொன்னாரா?"

நீதிபதி இன்னும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, கதவும் திறந்தே இருந்தது. நான் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இல்லண்ணே. அவ்வளவுதான் சொன்னாரு."

"நீங்க சொன்னா சரிதான்," என்று தலையாட்டிவிட்டு வண்டிக்குப் போனார். கப்பல் விற்க அதற்கப்புறம் பதினாறு மாதம் ஆனது.

முதுகலைக்காவது இழக்க ஏதோ இருந்தது. எனக்கு? அந்தக் கையெழுத்தை நான் போட்டிருந்தால் ஊரைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதானே. நான் இந்த ஊரைவிட்டு வெளியே போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.