மணிக்கட்டில் கட்டிய நிறம்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் கை கழுவும்போது, மணிக்கட்டில் எங்கள் சாதி நிறத்தில் ஒரு கயிறு தெரிந்தது.

அவன் வயதில் எனக்குச் சித்தப்பா கட்டிவிட்டதும் அதே நிறம்தான். கலவர நேரம். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு வந்த எங்கள் பஸ்ஸை, ரோட்டில் கருவேல மரத்தை வெட்டிப்போட்டு மறித்தார்கள். அரிவாளோடு ஏறியவர்கள் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வியர்வையில் ஊறிய முடிச்சு அவிழவில்லை. அம்மா குனிந்து, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து வாய்க்குள் அடக்கிக்கொண்டாள்.

"ஏக்கா, எந்த ஊரு?"

அம்மா ஊமையைப்போல் கையை ஆட்டினாள். கேட்டவன் என் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.

கத்தரிக்கோலை எடுத்தேன். மகன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வெட்டாதீங்கப்பா. இது இல்லாட்டி கிளாஸ்ல ஒருத்தனும் என்னைப் பக்கத்துல உக்காரவிட மாட்டான்."