மெம்பெலைக்கு நடுத்துண்டு

மந்தாரக்குப்பம் மஹ்மூதாவுக்கு வாயாடி என்று பெயர். நெய்வேலி சுரங்க கேண்டீனில் பதினெட்டு வருஷமாக கான்ட்ராக்ட் வேலை. இட்லி ஊற்றிக்கொண்டே முதல் ஷிஃப்ட் முழுவதையும் வம்புக்கு இழுப்பாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் மூன்று நாளாக வாயடைத்துக் கிடந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் மருமகள். இந்தோனேசியாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரே மகன் யாசின், அங்கேயே நூர்லேலாவை நிக்காஹ் செய்துகொண்டு, முதல்முறையாகப் பத்து நாள் லீவில் கூட்டி வந்திருந்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது; இவளுக்கு அவள் பாஷை தெரியாது. சிரித்துச் சிரித்தே இருவருக்கும் தாடை வலித்தது. பேச்சில்லாத வீட்டுக்கு மருமகள் ஏன் திரும்ப வரப்போகிறாள்? அவள் வராவிட்டால் பிள்ளை மட்டும் வருவானா?

நாலாம் நாள் நூர்லேலா போனில் கல்யாணப் படத்தைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டு, "மெம்பெலை" என்றாள்.

"மாப்ளயா? அவன்தாம்மா மாப்ள. நீ பொண்ணு!"

நூர்லேலா விடவில்லை. படத்திலிருந்த யாசினைத் தொட்டாள், தன்னையும் தொட்டாள். "மெம்பெலை, மெம்பெலை."

"டேய், உம் பொண்டாட்டி என்னடா சொல்லிகினு இருக்கா?"

யாசின் வந்து சிரித்தான். "நம்ம மாப்பிள்ளதான் உம்மா அது. அந்தக் காலத்துல கப்பல்ல போன தமிழாளுங்ககிட்டேர்ந்து எடுத்துகினாங்களாம். அகராதியிலயே போட்டிருக்கு. ஆனா அங்க பொண்ணும் மெம்பெலைதான், மாப்ளயும் மெம்பெலைதான்."

மஹ்மூதாவுக்குப் புல்லரித்தது. பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இத்தனை நாள் அவள் வீட்டில் புழங்கிய சொல், எந்தக் காலத்திலோ அந்தக் கடலைத் தாண்டிப்போய் அங்கே குடும்பமே நடத்திக்கொண்டிருக்கிறது! மருமகளின் வாயையே அதிசயமாகப் பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்று நாலு தடவை சொல்லவைத்தாள்.

மதியம், யாசினின் தட்டில் வைத்திருந்த வஞ்சிர மீனின் நடுத்துண்டை எடுத்து நூர்லேலாவுக்கு வைத்தாள்.

"மாப்ளைக்குத்தாண்டா நடுத்துண்டு."

"அப்ப நானு?"

"நீ வாலைத் தின்னு."

கிளம்பும் நாளில் கார் வந்து நின்றது. மஹ்மூதா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"அவகிட்ட சரியா எடுத்துச் சொல்லுடா. மாப்ளன்னா மறுவூட்டுக்கு வந்தே ஆவணும். அது நம்ம வழக்கம்."

யாசின் சொன்னான். நூர்லேலா பெட்டியைத் திறந்து, வீட்டில் போட்டுக்கொண்டிருந்த ரப்பர் செருப்பை எடுத்து, வாசலில் மஹ்மூதாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மறுவூடு" என்றாள்.