‘ஈரத்துணி’ குழுவின் மெஷின்காரர்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக் கைச்சுத்தம் உண்டு, வாய்ச்சுத்தம் உண்டு. ஒரே ஒரு வியாதிதான். சத்தம் போடும் எந்த இயந்திரத்தையும் அவரால் சும்மா விட முடியாது. மைத்துனர் வீட்டு விருந்தில் மின்விசிறி முனகியதற்காகச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூல் தேடியவர். இப்படிப்பட்டவரை எந்தப் புண்ணியவான் ராக் குழுவில் சேர்த்தான் என்றுதானே கேட்கிறீர்கள்?

சேர்த்தவர் ‘ஈரத்துணி’ குழுவின் பாடகர். பாடும்போது வாய் திறக்கும் அழகைப் பார்த்து அவருக்குக் ‘கொட்டாவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காணாமல் போன ஒற்றை சாக்ஸுக்கு ஒரு பாட்டு, பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு ஒரு பாட்டு என்று கட்டும் கிறுக்குக் கூட்டம் அது. டிரம்ஸ் அடிப்பவர் கோபித்துக்கொண்டு போன அன்று, ஒத்திகை நடந்த கார் ஷெட்டின் மூலையில் நம்மவர் கொட்டாவி வீட்டு மெஷினைப் பழுது பார்க்க வந்திருந்தார். தேய்ந்த பேரிங்கோடு அது சுழன்றது. தடக், தடக், கிர்ர், தடக்.

"அண்ணே, கை வைக்காதீங்க! இதான் இனிமே நம்ம டிரம்ஸ்!" என்று கொட்டாவி குதித்தார்.

அன்றிலிருந்து மேடையில் சுவிட்சைப் போடுவது மெக்கானிக்கின் வேலை. பாட்டின் நடுவில் மூடியைத் திறப்பார். மெஷின் நிற்கும். மனசுக்குத் தோன்றும்போது மூடுவார். மறுபடி தடக் தடக். நாலு வருஷத்தில் குழு கலைந்துவிட்டது. பாட்டுகள்தான் கலைய மாட்டேன் என்றன. அப்போது பிறந்தே இராத பிள்ளைகள்கூடக் காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டின. பழுது பார்க்கப் போன வீடுகளில் "நீங்க அந்த மெஷின்காரர்தானே?" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி மட்டும் மசியவில்லை. "மத்தவங்க வாசிச்சாங்க. நீங்க சுவிட்ச் போட்டீங்க."

அவருக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான். அதனால்தான் அந்தப் பேச்சு அப்படி வலித்தது. இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரிக்கு எல்லோரும் மீண்டும் கூடியபோது, மனைவியை முன்வரிசையில் உட்கார வைத்துத் தானும் கலைஞன்தான் என்று காட்டிவிட வேண்டும் என்று துடித்தார்.

"சுவிட்ச் போடுறதைப் பாக்க டிக்கெட் வேறயா?" என்றாலும் அவள் வந்தாள்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் கொட்டாவி போனில், "மெஷினை ரெடி பண்ணிடுங்கண்ணே" என்றிருந்தார். வியாதி சும்மா இருக்குமா? புது பேரிங், புது பெல்ட், நாலு காலுக்கும் மட்டம். தொட்டுப் பார்த்தால்தான் ஓடுகிறதென்று தெரியும். தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார், மகானுபாவர்.

மேடையில் சுவிட்சைப் போட்டார். மெஷின் பரம சாதுவாகச் சுற்றியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னண்ணே பண்ணித் தொலைச்சீங்க?" என்று கொட்டாவி பல்லைக் கடித்தார்.

"சரி பண்ணிட்டேன்."

"யாரு சரி பண்ணச் சொன்னா?"

மைக் வழியாக அரங்கம் முழுக்க இது கேட்டது. சிரிப்பு எழுந்தது. மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவர் தரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் யாரோ வாயாலேயே ஆரம்பித்தார்கள். "தடக், தடக், கிர்ர், தடக்." அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது. பிறகு மொத்த அரங்கமும். கிர்ர் இம்மி பிசகவில்லை. கிடார் உள்ளே புகுந்தது.

நடுப்பகுதி வந்ததும் பழக்க தோஷத்தில் அவர் கை மூடியைத் திறந்தது.

ஆயிரம் வாய்களும் சட்டென்று நின்றன.

திடுக்கிட்டு மூடினார். தடக்! மறுபடி திறந்தார். பொட்டுச் சத்தம் இல்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் மூடும் நேரம் வேறு. அதை ரெக்கார்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஆயிரம் பேரும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மனைவியும், கன்னத்தை உப்பிக்கொண்டு. அவருக்கு அழுகை முட்டியது. மூட மறந்து நின்றார்.

"எவ்வளவு நேரங்க அடக்கிட்டு இருக்கிறது?" என்று கத்தினாள் மனைவி. "மூடுங்க, எனக்குக் கிர்ர் வருது!"