ஆட்டுக்குப் போட்ட பாக் சாய்

தாராவிச் சந்தையில் ஆபிதாவின் கூடையில் மட்டும்தான் பாக் சாய் இருக்கும். வெள்ளைத் தண்டும் கரும்பச்சை இலையுமான அந்தச் சீனக் கீரைக்காக விடியலிலேயே ரயிலேறி வாஷி மண்டிக்குப் போவாள். புருஷன் மௌத்தான பிறகு அவளுக்கும் மகள் மெஹக்குக்கும் சோறு போட்டது அதுதான்.

அந்தச் சோற்றில்தான் பஞ்சு மண்ணைப் போட்டான். அவளிடம் கீரை வாங்கும் சைனீஸ் ஓட்டல்காரன், அவளைப் போல அவனும் திருநெல்வேலிப் பக்கம்தான். பாக் சாயின் அடித்தண்டுக்குள் மண் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு தண்டாகப் பிரித்துக் கழுவ வேண்டும் என்று அவள் வாய் வலிக்கச் சொல்லியிருந்தாள். அவன் ஆட்கள் முழுசாகத் தண்ணீரில் முக்கி வாணலியில் போட்டார்கள். சாப்பிட்டவர் பல்லில் மண் கடிபட்டதும் பஞ்சு நேரே சந்தைக்கு வந்தான். "இவ கீரை சாக்கடைத் தண்ணியில வளந்தது" என்று ஊர் கேட்கக் கத்தி, கூடையையும் எட்டி உதைத்தான். அதன்பின் அவளிடம் கொத்தமல்லி வாங்கக்கூடத் தாராவியில் ஆளில்லை. மாட்டுங்கா ஓட்டல் ஒன்றுதான் அவளைக் கைவிடவில்லை.

ஆபிதா அழவில்லை. வயிறெரிந்தாள். தொழுகையில் நின்றால்கூட அவன் முகம்தான் முன்னால் வந்தது.

பக்ரீத் நெருங்கிய சமயம் பேய்மழை. அவள் மண்டியிலிருந்து திரும்பியதும் ரயில்கள் நின்றுவிட்டன. மாட்டுங்கா ஓட்டலும் திறக்கவில்லை. கூடை வீட்டு வாசலில் இருந்தது. பக்கத்தில் தம்பி பைசான் குர்பானிக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடு.

பஞ்சு குடையோடு வந்தான்.

"அக்கா, பக்கத்துலயே ஒரு பெரிய பார்ட்டி ஆர்டர். பாக் சாய் இல்லன்னா கைவிட்டுப் போயிரும். எங்கயும் கெடைக்கல."

"சாக்கடைக் கீரைல்லா இது?" ஒரு கட்டுக் கீரையை ஆட்டிடம் நீட்டினாள். அது நறநறவென்று மென்றது.

"மாப் கரோ அக்கா, தப்பா பேசிட்டேன்" என்றான், குரலைத் தாழ்த்தி.

"அன்னைக்கு இம்புட்டு மெதுவாவா பேசுன?" இன்னொரு கட்டும் போனது.

கூடை பாதியானபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. "கீரையில ஒரு குத்தமும் இல்ல. நாங்கதான் சரியா கழுவல. பழிய இவங்க மேல போட்டேன்" என்று சந்து முழுக்கக் கேட்கச் சொன்னான். குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபிதாவின் நெஞ்சு குளிர்ந்தது.

பஞ்சு கூடைக்குக் கை நீட்டினான். அவள் அதை ஆட்டின் முன்னால் கவிழ்த்தாள்.

"அதான் சொல்லிட்டேன்லாக்கா?"

"சொன்னது நீ கெடுத்த என் பேருக்கு. இது நீ உதைச்ச கூடைக்கு."